இரத்தக் குழாய் வெறும் குழாய் அன்று

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, ஒன்றரை மணியளவில், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வயதுடைய ஒருவரை ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். இரவுப் பணியில் நின்றுகொண்டிருந்தவருக்கு வலக்கை திடீரெனச் செயலிழந்தது, வாய் ஒருபுறம் இழுத்தது, பேச்சுக் குழறியது. சி.டி. படத்தில் மூளையின் ஆழத்தில் சிறியதோர் இரத்தக் கசிவு தெரிந்தது. அப்போது அவருடைய இரத்த அழுத்தம் 210/124.

அவர் எனக்குப் புதியவர் அல்லர். ஏறத்தாழ ஓராண்டுக்கு முன், தொழிற்சாலையின் வருடாந்தர மருத்துவப் பரிசோதனையில் 178/112 என்று வந்ததால் என்னிடம் அனுப்பப்பட்டவர். மாத்திரை எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் 126/80 ஆயிற்று. அதன்பின் அவர் வரவில்லை.

விடியுமுன் வடக்குப்பட்டுப் பக்கத்திலிருந்து அவருடைய மனைவி வந்து சேர்ந்தார். அவர் கேட்டவை இரண்டே கேள்விகள். "நல்லாத்தானே சார் இருந்தாரு? தலைவலின்னுகூட ஒருநாள் சொன்னதில்லையே?" என்பது முதலாவது. "மாத்திரை போட்டு நார்மலாயிடுச்சுன்னுதானே சார் நிறுத்தினோம்?" என்பது இரண்டாவது. இரண்டும் நியாயமான கேள்விகள். ஓராண்டுக்கு முன் புறநோயாளிகள் கூட்டத்துக்கு நடுவே அவருக்கு நான் ஒதுக்கிய சில நிமிடங்களில் இவற்றுக்கு விடை சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவ்விருவரின் இசைவோடும், அடையாளம் தரும் விவரங்களை மாற்றியும், அந்த விடையை இங்கே எழுதுகிறேன்.

சுற்றும் வழி

ஓய்வாக இருக்கையில் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் சுமார் 70 மில்லி லிட்டர் இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கொண்டால் ஏறத்தாழ 5 லிட்டர். நம் உடலிலுள்ள மொத்த இரத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவே. எனவே ஒரு நிமிடத்தில் முழு இரத்தமும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. இரத்தம் இவ்வாறு சுற்றி வருகிறது என்பதை 1628 இல் வில்லியம் ஹார்வி நிறுவினார். ஆயினும் தமனியிலிருந்து சிரைக்கு அது எவ்வழியே கடக்கிறது என்பதை அவர் காணவில்லை. அந்த மெல்லிய இடைவழிகளாகிய தந்துகிகளை 1661 இல் மால்பீகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியே கண்டார். ஒரு தந்துகியின் வழியாகச் சிவப்பணுக்கள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில்தான் செல்ல முடியும். அவ்வளவு குறுகிய பாதை அது. உணவும் உயிர்வளியும் திசுக்களுக்குக் கைமாறுவது அங்கேதான்.

பெருந்தமனியின் வேலையை இப்பகுதித் தொழிலாளர்களுக்கு விளக்குவது எளிது. கம்ப்ரசர் காற்றை விட்டுவிட்டுத்தான் அழுத்துகிறது. ஆனால் கருவிக்கு வரும் குழாயில் காற்று சீராக வருகிறது. இடையிலுள்ள ரிசீவர் தொட்டி அந்தத் துள்ளலை வாங்கிக்கொள்கிறது. இதயமும் விட்டுவிட்டே தள்ளுகிறது. மீள்தன்மை கொண்ட பெருந்தமனி ஒவ்வொரு துடிப்பிலும் சற்று விரிந்து, இதயம் இளைப்பாறும் நேரத்தில் சுருங்கி, இரத்தத்தை நிற்காமல் முன்னே செலுத்துகிறது. இதயம் சுருங்கும்போது உள்ள உச்ச அழுத்தம் நாம் குறிக்கும் மேல் எண். அது தளரும்போது குழாயில் எஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். வயது ஏற ஏறப் பெருந்தமனி விறைத்துப்போகிறது. முதியோர் பலருக்கு மேல் எண் மட்டும் 160, 170 என்று ஏறி, கீழ் எண் 70 இலேயே நிற்பது அதனால்தான். "கீழே நார்மலாத்தானே இருக்கு" என்று அதனை விட்டுவிடலாகாது.

120 மி.மீ. பாதரசம் என்பது எவ்வளவு அழுத்தம்? பாதரசத்துக்குப் பதிலாக நீரை வைத்து அளந்தால் அது 1.6 மீட்டர் உயரத்துக்கு, அதாவது ஓர் ஆள் உயரத்துக்கு, நீரைத் தூக்கி நிறுத்தும். 1733 இல் வெளியான தம் நூலில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தியபோது இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியதைப் பதிவு செய்தார். குழாயை உள்ளே செருகாமல் கையில் பட்டை கட்டி அளக்கும் முறையை இத்தாலியர் ரிவா-ரோச்சி 1896 இலும், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் அறியும் முறையை உருசிய மருத்துவர் கொரட்கோவ் 1905 இலும் தந்தனர். இன்றைக்கும் அதே அடிப்படைதான்.

மதகுகள்

அழுத்தத்தைத் தீர்மானிக்கும் இடம் பெருந்தமனி அன்று, தந்துகிகளும் அல்ல. இரண்டுக்கும் நடுவே உள்ள நுண்தமனிகளே. பெருந்தமனியில் சராசரியாக 95 மி.மீ. அளவிலிருக்கும் அழுத்தம், நுண்தமனிகளைக் கடந்து தந்துகியை அடையும்போது 35 ஆகக் குறைந்துவிடுகிறது. நம் மாவட்டம் ஏரிகளால் ஆனது. ஏரியில் நீர் நிறைந்திருந்தாலும் எந்தக் கால்வாய்க்கு எவ்வளவு என்பதை மதகே தீர்மானிக்கும். நுண்தமனிகள் உடலின் மதகுகள். அவற்றின் சுவரில் வட்டமாகச் சுற்றியுள்ள தசை இறுகினால் வழி குறுகும், தளர்ந்தால் விரியும்.

இங்கே ஒரு கணக்கு வருகிறது. அதனை வகுத்தவர் பிரெஞ்சு மருத்துவரான புவாசே. குழாயின் ஆரம் பாதியானால் அதில் பாயும் அளவு பாதியாகக் குறைவதில்லை. பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆரம் பத்து விழுக்காடு மட்டும் குறுகினாலே பாய்ச்சல் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதே அளவு இரத்தத்தை அனுப்பியாக வேண்டும் என்றால் அழுத்தத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கண்ணுக்குத் தெரியாத இச்சிறு சுருக்கமே பலரின் உயர் இரத்த அழுத்தத்துக்கு அடிப்படை.

மதகை இயக்குவது யார்? நரம்புகள், இரத்தத்தில் வரும் ஹார்மோன்கள் ஆகியவற்றோடு, குழாயின் உட்சுவரும் அதில் பங்கு கொள்கிறது. இவ்வுண்மை வெகுகாலம் தெரியவில்லை. குழாயின் உட்புறம் ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய படலம் உண்டு. சுவருக்குப் பூசிய சுண்ணாம்பு போல அது வெறும் பூச்சு என்றே கருதி வந்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஃபர்ச்காட்டின் ஆய்வகத்தில், முயலின் பெருந்தமனித் துண்டு ஒன்று ஒரு மருந்துக்குச் சில வேளை தளர்ந்தது, சில வேளை சுருங்கியது. காரணத்தைத் தேடியபோது, தயாரிக்கும் கையில் உட்படலம் உராய்ந்து போன துண்டுகளே தளராமல் நின்றன என்று தெரிந்தது. 1980 இல் அதை அவர் வெளியிட்டார். அந்தப் படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து தசையைத் தளர்த்துகிறது. அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு எனப் பின்னர் அறியப்பட்டது. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் இதற்காக 1998 இல் நோபல் பரிசு கிடைத்தது. புகையிலை, சர்க்கரை நோய், கொழுப்பு மிகை ஆகிய மூன்றும் முதலில் தாக்குவது இந்தப் படலத்தைத்தான். உடற்பயிற்சியின்போது இரத்தம் வேகமாக உரசிச் செல்வதால் படலம் நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாகச் சுரக்கிறது. நடக்கச் சொல்வது உடல் இளைக்க மட்டுமே என்று பலரும் எண்ணுகிறார்கள், அது சரியன்று.

சிரைகளைப் பற்றியும் சில சொற்கள். உடலின் இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் சிரைகளில்தான் இருக்கிறது. பணிவரிசையில் எட்டு மணி நேரம் அசையாமல் நிற்பவருக்குக் காலில் இரத்தம் தேங்கும். கெண்டைக்கால் தசை சுருங்கினால்தான் அது மேலேறும். சிரையில் உள்ள தடுக்கிதழ்கள் அது திரும்பி இறங்காமல் காக்கும். நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாலும் போதும். மேற்பார்வையாளர் என்ன நினைப்பாரோ என்று இதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

முதல் கேள்விக்கு விடை

படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் சட்டெனக் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. அப்படியும் நாம் மயங்கி விழுவதில்லை. கழுத்துத் தமனி கிளைபிரியும் இடத்திலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை அவை முகுளத்துக்கு ஓயாது தெரிவிக்கின்றன. அழுத்தம் இறங்கினால் ஒரு சில நொடிகளுக்குள் இதயம் வேகமெடுக்கிறது, நுண்தமனிகள் இறுகுகின்றன. முதியோருக்கும் நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் இவ்வேற்பாடு தளர்ந்துபோவதால்தான் எழுந்தவுடன் கண் இருட்டுகிறது. அவர்களுக்கு உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளக்க வேண்டும்.

இந்தக் காவலருக்கு ஒரு குறை உண்டு. அழுத்தம் திடீரென மாறினால் கூச்சலிடுவார்; மெல்ல ஏறி அங்கேயே நின்றுவிட்டால், ஓரிரு நாளில் அதையே இயல்பு என்று பதிந்துகொள்வார். பிறகு 170 இலிருந்து 130 க்கு இறக்கினால்தான் அவருக்குக் குறையாகப் படும். அந்த நோயாளிக்குத் தலைவலி வராததன் காரணம் இதுதான். மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் சிலர், "மாத்திரை போட்டாத்தான் சார் சோர்வா இருக்கு, போடாத வரைக்கும் நல்லாயிருந்தேன்" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை; உடல் புதிய அளவைப் பழகிக்கொள்ளச் சில நாள் ஆகும். ஆனால் உணர்வு இல்லாத அந்தக் காலம் முழுதும் குழாய்கள் அடி வாங்கிக்கொண்டேயிருக்கும். சுவர் தடிக்கும், உட்படலம் சிதையும். மூளையின் ஆழத்துக்குச் செல்லும் மிக மெல்லிய தமனிகள், பெரிய தமனியிலிருந்து நேரே பிரிவதால், முழு அழுத்தத்தையும் ஏற்க வேண்டியிருக்கிறது. அவருக்குக் கசிந்தது அத்தகைய ஒன்று.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்தி 2023 இல் வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டில் வயதுவந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகக் கணித்தது. ஏறக்குறைய மூவரில் ஒருவர். அவர்களுள் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இராது.

இரண்டாம் கேள்விக்கு விடை

நரம்புகள் நொடிக்கணக்கில் வேலை செய்பவை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அழுத்தத்தைக் காப்பவை சிறுநீரகங்கள். இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்கே செல்கிறது. தமக்கு வரும் அழுத்தம் குறைவதாக உணர்ந்தால் அவை ரெனின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. ரெனின், கல்லீரல் தரும் ஒரு புரதத்தை வெட்டுகிறது. வெட்டிய துண்டை, முக்கியமாக நுரையீரலின் குழாய்ச் சுவரிலுள்ள ஒரு நொதி மீண்டும் வெட்டி ஆஞ்சியோடென்சின் 2 ஆக்குகிறது. அது நுண்தமனிகளை இறுக்குகிறது; ஆல்டோஸ்டிரோனைத் தூண்டி, உப்பைச் சிறுநீரில் விடாமல் பிடித்துவைக்கச் செய்கிறது. உப்பு நின்றால் நீரும் நிற்கும், அழுத்தம் ஏறும்.

உப்பை இத்தனை பிடிவாதமாகப் பற்றிக்கொள்ளும் ஏற்பாடு நமக்கு எதற்கு? 2022 இல் இந்தியத் தொல்லியல் துறை இதே வடக்குப்பட்டில் அகழாய்வு செய்து கற்கருவிகளை வெளிக்கொணர்ந்தது. அக்கருவிகளைச் செதுக்கியவர்கள் வீட்டில் உப்புச் சாடி இருந்திராது. வேட்டைக்கும் வெயிலுக்கும் வியர்த்து இழந்த உப்பை மீட்கச் சிறுநீரகம் போராடித்தான் ஆக வேண்டும். அவர்கள் விட்டுச்சென்ற அதே சிறுநீரகத்துக்கு நாம் இப்போது ஊறுகாய், அப்பளம், கருவாடு, கேண்டீன் சாம்பார், பணி இடைவேளையில் ஒரு மிக்சர் பொட்டலம் என்று கொடுத்துவருகிறோம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. நம்மவர் உண்பது 8 கிராம் அளவில். சில ஆய்வுகளில் அதற்கும் மேல். 1988 இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில், உப்பே சேர்க்காத பிரேசிலின் யானோமாமி மக்களின் சராசரி அழுத்தம் 95/61 என்றிருந்தது. வயது கூடியும் அவர்களுக்கு அது ஏறவில்லை. வயதானால் அழுத்தம் கூடுவது இயற்கை என்று சொல்லித் தேற்றிக்கொள்பவர்கள் இதனை நினைவில் கொள்ளலாம். இந்துப்பு நல்லது என்று பலர் மாறியிருக்கிறார்கள். அதிலும் உள்ளது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பு பலருக்குப் பயன்தரும். ஆனால் சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடக்கூடாது.

மருந்துகள் இந்தச் சங்கிலியில் ஆங்காங்கே கைவைக்கின்றன. அம்லோடிபின் நுண்தமனியின் தசையைத் தளர்த்தும். தமனிப் பக்கத்து மதகு திறந்து, சிரைப் பக்கம் முன்போலவே இருப்பதால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது சிறுநீரகம் கெட்டதன் அடையாளம் அன்று, சொன்னால் மாற்றித் தருவோம். எனாலாபிரில் இரண்டாம் வெட்டைத் தடுக்கும். டெல்மிசார்டான் ஆஞ்சியோடென்சின் போய்ப் பொருந்தும் இடத்தை அடைக்கும். சிறுநீர்ப்பெருக்கிகள் உப்பை வெளியேற்றும். எனாலாபிரிலின் முன்னோடியான கேப்டோபிரில் 1981 இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சு. அந்நாட்டின் செர்ஜியோ ஃபெரெய்ரா 1960களில் அதிலிருந்து பிரித்த பொருளே தொடக்கம். நமக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்சு எடுப்பதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். அது கடிக்கு முறிமருந்து செய்ய. இது அழுத்தத்துக்கு மருந்து தந்தது. நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தா வேரை உயர் இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்துப் பார்த்து 1949 இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதியபின்பே உலகம் அதைக் கவனித்தது. மனச்சோர்வு உண்டாக்கியதால் அது இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டது. கடையில் வேர்ப்பொடி வாங்கிச் சாப்பிடுபவர்கள் அருள்கூர்ந்து அதை எங்களிடம் மறைக்காதீர்கள்.

இப்போது அந்த அம்மையாரின் இரண்டாம் கேள்விக்கு வரலாம். மேற்சொன்ன எந்த மருந்தும் மதகை நிரந்தரமாகப் பழுதுபார்ப்பதில்லை. மருந்து இருக்கும் வரை திறந்து பிடித்திருக்கிறது, அவ்வளவே. 126/80 என்பது நோய் போய்விட்டதன் அடையாளம் அன்று, மருந்து வேலை செய்வதன் அடையாளம். நிறுத்தினால் சில நாள் அல்லது சில வாரங்களில் பழைய இடத்துக்கே திரும்பும். அடினோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் முன்னிருந்ததைவிடவும் ஏறக்கூடும். உப்பைக் குறைத்து, எடையைக் குறைத்து, மதுவை விட்ட சிலருக்கு மாத்திரையின் அளவைக் குறைக்க முடியும். ஆனால் அளந்து பார்த்துப் படிப்படியாக, மருத்துவரின் கண்காணிப்பில்தான்.

பணம் காரணமாக நிறுத்தியவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்களிடம் வாங்க வேண்டும் என்பதில்லை, சாப்பிட்டால் போதும்.

இப்பகுதியில் நான் மிக அஞ்சுவது இன்னொன்று. முதுகுவலிக்கும் தோள்வலிக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தாமே வாங்கி நாள்தோறும் போடுபவர்கள். சிறுநீரகத்தின் குழாய்களைத் திறந்துவைக்கும் இயற்கைப் பொருளை அவை தடுக்கின்றன. உப்பு தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. டெல்மிசார்டானும் சிறுநீர்ப்பெருக்கியும் ஏற்கெனவே எடுப்பவர் இதையும் சேர்த்தால், அதிலும் கோடையில் நீர் குடியாமல் வியர்த்துக் களைத்த நாளில், சிறுநீரகம் சட்டெனச் செயலிழக்கக்கூடும். பெண் தொழிலாளர்களுக்கு ஒரு சொல்: கருத்தரிக்க விரும்பினாலோ நாள் தள்ளினாலோ உடனே தெரிவியுங்கள். எனாலாபிரில், டெல்மிசார்டான் வகைகள் கருவுக்கு ஆகா. வேறு பாதுகாப்பான மருந்துகள் உண்டு. நாற்பது வயதுக்குள் அழுத்தம் வந்தவர்களுக்குச் சிறுநீரகத் தமனி, அண்ணீரகச் சுரப்பி ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். முதல் வருகையில் இரு கைகளிலும் அளக்கச் சொல்வதற்கும் அது ஒரு காரணம்.

வீட்டில் அளப்பவர்கள் அரைமணி முன்னிருந்தே காப்பி, தேநீர், புகை தவிர்க்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் அமர்ந்து, பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்க, பேசாமல் அளக்க வேண்டும். வீட்டளவில் 135/85 ஐத் தாண்டி நின்றால் அது மிகை. இரவுப் பணி செய்பவர்கள் மணியைப் பார்க்க வேண்டாம். தாம் தூங்கி எழுந்த பின்னும், படுக்கப் போகுமுன்னும் அளந்தால் சரி. 180/120 க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் பலவீனம், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால் 108 ஐ அழையுங்கள். நாக்கடியில் எந்த மாத்திரையையும் வைத்து அழுத்தத்தை வேகமாக இறக்க முயல வேண்டாம். மூளைக்குப் போகும் இரத்தம் திடீரெனக் குறைந்து கேடு பெருகும்.

அவர் இப்போது நடக்கிறார். வலக்கை விரல்கள் சட்டைப் பொத்தானைப் போடும் அளவுக்குத் தேறியிருக்கின்றன. பணிவரிசைக்குத் திரும்ப இன்னும் இயலவில்லை. அவருடைய மனைவி ஒரு பள்ளி நோட்டில் காலையும் மாலையும் அளவுகளை எழுதி வருகிறார். சென்ற முறை கொண்டுவந்த பக்கத்தில் 128/82, 124/80 என்று வந்த வரிசையின் நடுவே ஓரிடத்தில் 152/94 என்றிருந்தது. பக்கத்தில் சிறிய எழுத்தில், "சண்டைக்குப் பிறகு" என்று குறிப்பு. யாரோடு என்று நான் கேட்கவில்லை. சராசரிக் கணக்கில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டேன்.